அத்தை கேட்டால்

பிப்ரவரி 8, திங்கள்

காலையிலேயே லிசியாடே வந்துவிட்டான். ஊர் அலுவலர் ஆனதிலிருந்து அவன் தொப்பை அவனுக்கு முன்னால் வந்து கதவைத் தட்டுகிறது. நம் கோயில் கட்டி நூறு வருஷம் ஆகிறதாம். ஆகஸ்டில் விழா. மூன்று தீவுகளிலிருந்து ஆட்கள் வருவார்களாம், ஊரே வரிசையாக நின்று லகலகா ஆட வேண்டுமாம். என்னிடமே வந்து சொல்கிறான்.

"பாட்டு எப்பம்மா தருவீங்க?"

"எப்பவும் போலத்தான். வரும்போது."

"இல்ல, சும்மா கேட்டேன். பக்கத்து ஊர் தௌஃபா ஒண்ணு கட்டி வச்சிருக்கேன்னு சொன்னான். உங்களுக்கு வயசாச்சு, சிரமமா இருந்தா..."

சிரமம்! முப்பத்து மூன்று வருஷமாக இந்த ஊர் வாயைத் திறந்து பாடிய ஒவ்வொரு சொல்லும் நான் போட்டது. சொல், மெட்டு, கையசைவு, கழுத்து எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது வரை. இந்த ஊரின் புனாகே நான். தௌஃபா கம்ப்யூட்டரில் பொத்தானை அழுத்திப் பாட்டுக் கட்டுகிறவன். அவன் பாட்டில் எல்லாக் கடலும் நீலம், எல்லாப் பூவும் வாசனை.

ஈஸ்டருக்குள் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 9, செவ்வாய்

ஒரு வரிகூட இல்லை.

பிப்ரவரி 14, ஞாயிறு

போதகர் இன்று என்னைப் பெயர் சொல்லிப் புகழ்ந்தார். ஆண்டவர் லோசலீனின் நாவில் வற்றாத ஊற்றை வைத்திருக்கிறார் என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

ஊற்று வற்றி நாலு வருஷம் ஆகிறது. போன இரண்டு லகலகாவும் என் பழைய பாட்டுகளைக் கிழித்து ஒட்டுப்போட்டது. ஒருத்தருக்கும் தெரியவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். தெரிந்திருந்தால் அவமானப்பட்டிருப்பேன். தெரியாததால் அவர்கள் மேல் இருந்த மரியாதையும் போய்விட்டது.

பிப்ரவரி 20, சனி

தலைநகர் வானொலியில் ஒரு பெண் முன்பு கேட்டாள், இத்தனை வருஷம் எப்படி எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள் என்று. ஜெபம், உபவாசம், விடியற்காலை நடை என்று சொன்னேன். அவளும் எழுதிக்கொண்டாள், பாவம்.

இங்கே பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? நான் பாட்டுக்காக உடைப்பேன். அவ்வளவுதான். இருபத்தெட்டு வயதில் பாட்டு வராமல் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தபோது, பாயேயாவிடம் ஒரு விஷயம் சொன்னேன். ஒரு புருஷனால் மன்னிக்க முடியாத விஷயம். அது உண்மையும் இல்லை. அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு போனான். பத்தே நாளில் பாட்டு முழுசாக வந்தது. அதை இன்றும் ஆறு ஊர்களில் ஆடுகிறார்கள். அதற்குப் பிறகு தோழி வைலானி. அதற்குப் பிறகு பாடகர் குழு, அம்மா வழிச் சொந்தம், ஒவ்வொன்றாக. ஒவ்வொரு உடைசலுக்கும் ஒரு பாட்டு, சில சமயம் இரண்டு.

இப்போது உடைக்க என்ன மிச்சம்? என்னோடு சண்டை போடக்கூட யாரும் இல்லை. எல்லோரும் மரியாதை கொடுக்கிறார்கள்.

மார்ச் 3, வியாழன்

தம்பி மனாசே வீட்டுப் பின்பக்கம் சேம்பு இலை பறிக்கப் போனேன். கேட்காமல்தான். தம்பி வீட்டில் இருப்பது, தம்பி பிள்ளைகள் கையில் இருப்பது எல்லாம் கேட்டால் அத்தைக்கு. கேட்காவிட்டாலும் அத்தைக்கு. நல்ல வழக்கம். இதை வைத்தவளும் நிச்சயம் ஒரு அத்தையாகத்தான் இருப்பாள்.

செலுவாயா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மனாசேயின் மூத்தவள், பள்ளிக்கூடத்தில் டீச்சர். முப்பத்து மூன்று வயது. கடல் அட்டை எடுக்க முங்கிய புருஷன் ஹெமா மேலே வரவில்லை, நாலு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அதிகம் பேசமாட்டாள். பாடிக்கொண்டிருந்தாள்.

*நீ மூழ்கிய இடத்தில் தண்ணீர் மூடிக்கொண்டது,*
*கதவாக இருந்தாலாவது தட்டியிருப்பேன்.*

கையில் இலையோடு நின்றுவிட்டேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடுத்த நிமிஷமே எரிந்தது. நான் நாலு வருஷமாகத் தவம் கிடக்கிறேன், இவளுக்குத் தேங்காய் துருவும்போது வருகிறதா?

மார்ச் 4, வெள்ளி

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன்.

"நேத்து பாடினியே, அது யாருது?"

"அது பாட்டே இல்ல அத்தை. வேலை செய்யும்போது வாயில வரும்."

"எத்தனை சரணம் இருக்கு?"

"மூணு."

"எனக்கு வேணும்."

அவளுக்கு உடனே புரியவில்லை. பிறகு புரிந்தது. "அது அவருக்குப் பாடினது அத்தை" என்றாள்.

"எனக்கு வேணும்னு சொன்னேன்."

கல்யாணத்தின்போது அவளுக்கு வந்த பெரிய பாயை இதே குரலில்தான் கேட்டேன். அவள் அம்மா விட்டுப்போன ஆமை ஓட்டுச் சீப்பையும். அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டே கொடுத்தாள். இன்று சிரிக்கவில்லை, ஆனால் கொடுத்தாள். உட்கார்ந்து மூன்றையும் பாடினாள், நான் எழுதிக்கொண்டேன். இரண்டாவதில் குரல் உடைந்தது. மெட்டு சரியாகக் காதில் விழவில்லை என்று மறுபடி பாடச் சொன்னேன்.

போகும்போது, "இனிமே நீ இதைப் பாடக்கூடாது. ஊர் முதல்ல என் வாயிலதான் கேக்கணும்" என்றேன். தலையாட்டினாள்.

மார்ச் 12, சனி

வேலை நன்றாகப் போகிறது. தொடக்க வணக்கம், பிரபுக்களின் பெயர் வரிசை எல்லாம் எனக்குத் தூக்கத்திலும் வரும். நடுவில் அவள் சரணங்கள். அவள் "நீ" என்று ஹெமாவைச் சொன்னாள், நான் அதைக் கோயில் ஆக்கிவிட்டேன். *உன் கதவு மூடியதே இல்லை, தட்ட வேண்டிய தேவை எங்களுக்கு இல்லை.* போதகருக்குக் கண்ணில் தண்ணீர் வரும்.

வெட்கமாக இல்லையா என்று கேட்டுக்கொண்டேன். இருந்தது, திங்கட்கிழமை வரைக்கும். செவ்வாய்க்கிழமை இரண்டாம் சரணத்துக்குக் கையசைவு கிடைத்தது. இரண்டு உள்ளங்கையும் தண்ணீரைத் தடவுகிற மாதிரிப் போய், திடீரென்று நிற்க வேண்டும். அந்த அசைவு என்னுடையது. அவளால் ஏழு ஜென்மத்திலும் முடியாது. அதோடு வெட்கம் போய்விட்டது.

மார்ச் 28, திங்கள்

விழாக் குழுவுக்குப் பாடிக் காட்டினேன். லிசியாடே மூக்கைச் சிந்தினான். தௌஃபாவின் பெயரை இனி யாரும் எடுக்க மாட்டார்கள்.

ஆனால் குழுவில் ஒரு கிழம், "நூறு வருஷத்துக்கு மூணு சரணமா? அஞ்சு சரணமாவது வேணும்" என்றது. செவிடு. கேட்காத பாட்டுக்கு நீளம் போதவில்லையாம்.

"இருக்கு, மெருகு போட்டுட்டு இருக்கேன்" என்றேன்.

ஏப்ரல் 15, வெள்ளி

இரண்டு வாரமாகத் தினமும் சேம்பு இலை பறிக்கப் போகிறேன். இவ்வளவு இலையை நான் என்ன செய்வேன்? பன்றிக்குப் போடுகிறேன்.

செலுவாயா பாடுகிறாள். ஆனால் ரேடியோவில் வரும் குப்பைப் பாட்டுகள். நகத்துக்குச் சிவப்பு வேறு. கூப்பிட்டுக் கேட்டேன்.

"இன்னும் ரெண்டு சரணம் வேணும்."

"வரல அத்தை." சிரித்தாள்! "உண்மையாவே வரல. இப்பல்லாம் அந்த ஞாபகமே குறைஞ்சுபோச்சு."

படகு இஞ்சின் பழுது பார்க்கிற ஃபெஹோகோ என்பவன் இரண்டு மாதமாக அவர்கள் வீட்டுக்கு மீன் கொண்டு வருகிறானாம். அப்படியென்றால் சரிதான். வயிறு நிறைந்தவளுக்குப் பாட்டு எங்கிருந்து வரும்?

மே 2, திங்கள்

மனாசே வந்தான். வழக்கப்படி உள்ளே வரவில்லை, படியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துப் பேசினான். ஐம்பத்தாறு வயதிலும் அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டான். அவன் வளர்ப்பு அப்படி.

"அக்கா, ஒரு விஷயம் கேக்கணும். செலுவாயாவுக்கு. அந்தப் பையன் நல்லவன். சர்ச்சுக்கு வரான், குடிக்க மாட்டான். அவளும் நாலு வருஷத்துக்கப்புறம் இப்பத்தான் சரியா சாப்பிடுறா. ஜூன்ல வச்சுக்கலாம்னு. நீங்க பாயில வந்து உக்காந்தா..."

கல்யாணத்தில் எல்லோருக்கும் மேலே, மெல்லிய பாயில், பெண்ணின் அத்தை உட்கார வேண்டும். அந்த இடம் காலியாக இருந்தால் தம்பி கல்யாணத்தை நடத்த மாட்டான். ஊரும் நடத்த விடாது.

உடனே பதில் சொல்லவில்லை. இதை மட்டும் எனக்குச் சாதகமாக எழுதி வைக்கிறேன்: உடனே சொல்லவில்லை. அவள் எட்டு வயதில் என் மடியில் படுத்துக்கொண்டு, நான் கட்டிய பாட்டு முழுவதையும் தப்பில்லாமல் திருப்பிப் பாடியது நினைவுக்கு வந்தது. அது கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு நாலாவது சரணம் நினைவுக்கு வந்தது.

"நான் உக்கார மாட்டேன்" என்றேன்.

"ஏன்க்கா? அவன் பேர்ல ஏதாவது..."

"ஏன்னு கேக்குறியா நீ?"

"இல்ல. கேக்கல." எழுந்து போய்விட்டான்.

மே 21, சனி

ஃபெஹோகோ நேற்றுக் கப்பலில் போய்விட்டான். நியூசிலாந்தில் பழம் பறிக்கிற வேலையாம். துறைமுகத்துக்கு அவள் போகவில்லை, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினாள் என்று கேள்வி. நல்லது. உள்ளேயே இருக்கட்டும், வெளியே கொட்டினால் வீண்.

ஜூன் 6, திங்கள்

வந்தது.

துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வாழைக்குப் பின்னால் நின்று கேட்டேன். நாலாவது சரணம், முதல் மூன்றையும் தூக்கிச் சாப்பிடுகிறது. கடவுளே, என்ன வரி அது. அவசரத்தில் கிறுக்கியதால் எழுத்து கோணலாகப் போயிருக்கிறது. நான் வந்தது தெரிந்தும் அவள் நிறுத்தவில்லை.

ஜூன் 19, ஞாயிறு

கோயில் விட்டதும் அவளே என் வீட்டுக்கு வந்தாள். ஒரு தாளை மேஜை மேல் வைத்தாள்.

"அஞ்சாவது. இதுக்குத்தான அத்தை?"

எல்லாம் தெரிந்திருக்கிறது அவளுக்கு.

"ஆறாவதும் வேணுமா? இருக்கு."

"அஞ்சு போதும்" என்றேன். வேறென்ன சொல்வது? படித்துப் பார்த்தேன். ஒரு சொல்லைக்கூட மாற்ற மனமில்லை. "அவன்" என்பதை மட்டும் "ஆண்டவன்" ஆக்கினேன்.

ஜூலை 5, செவ்வாய்

ஒத்திகை. நூற்றெண்பது பேர், அதில் நூற்றைம்பது மரக்கட்டை. நடு இடத்தில் செலுவாயாவை நிறுத்தினேன். ஊரில் அவளைவிட நன்றாக ஆடுகிறவள் இல்லை. காரணம் அது மட்டும்தான் என்று எழுதத் தோன்றுகிறது. எழுதிவிட்டேன்.

இரண்டாம் சரணத்தில் அவள் முகம் இறுகிவிடுகிறது. எல்லோர் முன்னாலும் நிறுத்தினேன்.

"செலுவாயா, சிரி. நீ கோயிலைப் பாத்துப் பாடுற, சாவு வீட்டுல இல்ல. பல்லு தெரியணும்."

பின்வரிசையில் சிலர் கேலியாகக் கனைத்தார்கள். அவள் சிரித்தாள். எட்டுத் தடவை அந்தச் சரணத்தையே ஆடவைத்தேன். எட்டாவது தடவை சிரிப்பு நிஜம் மாதிரியே இருந்தது.

ஆகஸ்ட் 13, சனி

முடிந்தது. எப்படி எழுதுவேன்?

இரண்டாம் சரணத்தில் நூற்றெண்பது பேர் கையும் தண்ணீரைத் தடவிக்கொண்டு போய் ஒரே நேரத்தில் நின்றது. பிறகு பிரபு உட்கார்ந்த பந்தலிலிருந்தே பாராட்டுக் கூச்சல் ஆரம்பித்தது, "மாலியே! மாலியே!" என்று. கிழவிகள் எழுந்து தாங்களும் ஆடினார்கள். முப்பத்து மூன்று வருஷத்தில் இப்படிப் பார்த்ததில்லை. நடுவில் செலுவாயா, உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்க, இறகு ஆட, சிரித்துக்கொண்டே. ஒரு சொல் தவறவில்லை.

ஹாபாய்த் தீவிலிருந்து வந்த ஒரு கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "கோயிலுக்குன்னு சொல்றாங்க, எனக்கு அப்படிக் கேக்கல. நீங்க யாரைம்மா பறிகொடுத்தீங்க?" என்றாள்.

"நிறைய பேரை" என்றேன்.

பொய் இல்லை.

ஆகஸ்ட் 15, திங்கள்

காலை. நாய் குரைத்தது. வெளியே பார்த்தால் செலுவாயா.

முடி இல்லை. இடுப்பு வரை தொங்கிய முடியை ஒட்ட வெட்டியிருக்கிறாள், காதோரம் ரத்தக் கீறல். கறுப்பு உடுப்பு. அதன்மேல் துக்கத்துக்குக் கட்டுகிற கிழிந்த பெரிய பாய், முழங்கால் வரை. கட்டிக்கொண்டு தெரு முழுக்க நடந்து வந்திருக்கிறாள். பின்னால் ஊர்.

அத்தை செத்தால் தம்பி மகள் முடியை வெட்டுவாள், கிழிந்த பாய் கட்டுவாள், தலைமாட்டில் உட்காராமல் கடைசியில் போய் உட்காருவாள். அத்தை செத்தால்.

என் வாசலுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தாள்.

"என்னடி இது? எந்திரி."

என்னைப் பார்க்கவே இல்லை. வேலியருகே நின்ற லிசியாடேயைப் பார்த்துப் பேசினாள். "ஒண்ணும் இல்ல மாமா. எங்க அத்தை போயிட்டாங்க. நான் செய்ய வேண்டியத செஞ்சிட்டுப் போயிடுறேன்."

"உன் அத்தை இங்க நிக்கிறேன்! கண்ணு தெரியலையா!"

கத்தினேன். நாக்கு குழறியது. இவ்வளவு பேர் நிற்கிறார்கள், ஒருத்தராவது அவளை எழுப்பக் கூடாதா? ஒருத்தரும் அசையல. துக்கத்துல இருக்கிறவளைத் தொடக்கூடாதாம். நான் உயிரோட நிக்கிறேனே, அது எவனுக்கும் தெரியலையா? மத்தியானம் வரைக்கும் உக்காந்திருந்தா. பெண்கள் ரெண்டு பேர் வந்து அவ பக்கத்துல உக்காந்தாங்க. யாரோ துக்க வீட்டுப் பாட்டை ஆரம்பிச்சாங்க. என் வாசல்ல. எனக்கு.

கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஆகஸ்ட் 16, செவ்வாய்

மனாசே பொரித்த பன்றியும் பாயும் கொண்டுவந்து வைத்து, மகளுக்காக மன்னிப்புக் கேட்டான். அழுதான். மன்னித்தேன் என்று சொன்னேன்.

பன்றியைச் சாப்பிட்டேன். உப்புக் குறைவு.

ஆகஸ்ட் 26, வெள்ளி

இன்றைய கப்பலில் செலுவாயா போனாள். ஃபெஹோகோவிடம் இல்லை, அவன் அங்கே வேறு ஒருத்தியோடு இருக்கிறானாம். தலைநகரில் ஏதோ பள்ளிக்கூடம். இனிப் பாட மாட்டேன் என்று மனாசேயிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். "வர்றதே நின்னுபோச்சுப்பா" என்றாளாம்.

கடைக்குப் போனால் நான் வருவதற்குள் பேச்சு நின்றுவிடுகிறது. முன்பும் நிற்கும், அது மரியாதை.

வலிக்கிறது. எழுதிவிடுகிறேன்: அவள் போனது வலிக்கிறது. என் பாட்டு எங்கே நல்லது, எங்கே ஒட்டு என்று தெரிந்த ஒரே காது அவளுடையது. அந்த இரண்டு ஒட்டுப் பாட்டும் அவளுக்குத் தெரிந்துதான் இருக்கும். ஒரு நாளும் சொன்னதில்லை.

செப்டம்பர் 2, வெள்ளி

வந்தது. எனக்கு. எனக்கே!

மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தேன். அவள் தலையில் இருந்த கீறல் கண்ணில் வந்து நின்றது, வலித்தது. வலித்த அதே இடத்திலிருந்து வரி வந்தது.

*என் சாவுக்கு நானே கொஞ்சம் முந்தி வந்துவிட்டேன்,*
*உட்கார இடம் இருக்கிறதா?*

கத்தியைப் போட்டுவிட்டுப் பாட்டு நோட்டை எடுக்க ஓடினேன். நாலு வருஷம்! தரையில் உட்கார்ந்து கைகொட்டிச் சிரித்தேன். வெளியே போகிறவர்கள் கேட்டிருப்பார்கள். கேட்கட்டும்.

செப்டம்பர் 11, ஞாயிறு

இரண்டாம் சரணம். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாது. இது வேலையா?

செப்டம்பர் 29, வியாழன்

மூன்றாம் சரணம். திருடிய அந்த ஐந்தும் இதன் பக்கத்தில் நிற்காது. செலுவாயா கேட்டால் ஒப்புக்கொள்வாள்.

மனாசேயின் இளையவள் சிசிலியா சாப்பாட்டுத் தட்டோடு வந்தாள். ஊரில் எனக்கு இன்னும் தட்டு வைத்து மூடிக் கொண்டுவருகிறவள் இவள் ஒருத்திதான். இருபத்து நாலு வயது, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. "என்ன அத்தை, முகத்துல களை வந்திருக்கு!" என்றாள்.

அக்டோபர் 17, திங்கள்

தலைநகரிலிருந்து கடிதம். கோயில் விழாப் பாட்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்களாம். அடுத்த வருஷம் பெரிய விழாவுக்கு நான்தான் கட்ட வேண்டுமாம். வேறு பெயரே அவர்கள் யோசிக்கவில்லையாம். பிப்ரவரிக்குள் அனுப்ப வேண்டும்.

நாலாவது சரணத்தைத் தொடங்க வேண்டும்.

அக்டோபர் 31, திங்கள்

இல்லை.

நவம்பர் 9, புதன்

செலுவாயாவின் தலையை நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. பழகிப்போய்விட்டது.

நவம்பர் 18, வெள்ளி

மனாசே வந்தான். படியில் உட்கார்ந்தான். மெலிந்திருக்கிறான்.

"அக்கா. சிசிலியாவுக்கு ஒரு இடம் வந்திருக்கு. போதகரோட அக்கா பையன். ரெண்டு பேருக்கும் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அவ சாயங்காலம் ஆனா வாசல்லயே நிக்கிறா." படியின் ஓரத்தைத் தடவினான். "நீங்க பாயில வந்து உக்காரணும். இந்த ஒண்ணாவது நல்லபடியா நடக்கட்டும்க்கா."

இதைக் கேட்பதற்காக எத்தனை நாள் தயங்கியிருப்பான் என்று குரலிலேயே தெரிந்தது. தரையைப் பார்த்தபடியே இருந்தான். அவன் உச்சியில் முடி கொட்டி வட்டமாகத் தெரிந்தது. சின்ன வயதில் அந்தத் தலைக்கு நான்தான் எண்ணெய் வைத்து விடுவேன்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, பாட்டு நோட்டை எடுத்து, நாலாவது சரணம் வர வேண்டிய பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன்.